லான்சோஸ்: தாமதமாக வந்த வட்டி

பொருளியல் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் கணக்கு ஒன்று உண்டு. தொலைவில் கிடைக்கப்போகும் பலனுக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதே அது. ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 20 ஆண்டுகள் கழித்துக் கைக்கு வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 21 ரூபாய்தான். சாலை போடுவதா, அணை கட்டுவதா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு உதவும். ஆராய்ச்சியாளரின் உழைப்பையும் இதே அளவுகோலால் அளந்தால் எதையெல்லாம் இழக்க நேரும் என்பதற்கு ஒரு வாழ்க்கை சாட்சியாக நிற்கிறது. ஹங்கேரியில் பிறந்து, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் வாழ்ந்த கொர்னேலியஸ் லான்சோஸின் வாழ்க்கை அது.

ஒரு நாட்டின் தொழில்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்குவதையும் விற்பதையும் ஒரே அட்டவணையில் எழுதிக் காட்டியவர் வாசிலி லியோன்டீஃப். அந்த முறையைக் கல்லூரியில் கற்பித்துவந்த காலத்தில், பெரிய அட்டவணைகளின் ஐகன் மதிப்புகளை எப்படிக் கணிப்பது என்ற கேள்வி எனக்கு எழுந்தது. கணித நூல்களைப் புரட்டியபோது மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்ட பெயர் லான்சோஸ். பாலங்களும் விமானங்களும் எப்படி அதிரும் என்று கணிப்பவர்களுக்கு அது அன்றாடப் பெயர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

1893 பிப்ரவரி 2 அன்று, செகெஷ்ஃபெஹேர்வார் என்னும் நகரில், யூத வழக்குரைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குடும்பப் பெயர் லோவி. ஹங்கேரிய ஒலியுடைய பெயர்களை யூதக் குடும்பங்கள் பல ஏற்றுக்கொண்ட காலம் அது. இந்தக் குடும்பமும் லான்சோஸ் என்ற பெயரை ஏற்றது. புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் லோராண்ட் எட்வோஷிடம் இயற்பியலும், லிபோட் ஃபெயரிடம் கணிதமும் பயின்றார். மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளைப் பற்றிய ஆய்வுக்காக 1921-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வை ஐன்ஸ்டைனுக்குக் காணிக்கையாக்கி அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டைனிடமிருந்து பாராட்டி மடல் வந்தது.

ஆனால், சொந்த நாட்டில் அவருக்கு இடமில்லை. உயர்கல்வியில் யூதர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஹங்கேரி 1920-ல் கொண்டுவந்திருந்தது. லான்சோஸ் ஜெர்மனிக்குச் சென்றார். முதலில் ஃப்ரைபர்க், பிறகு ஃப்ராங்ஃபர்ட். அங்கே அவர் செய்தவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குச் சுழலும் தூசுத் திரளை வைத்து ஒரு துல்லியமான தீர்வை 1924-ல் கண்டார்; 1937-ல் அதை மறுபடி கண்ட வான் ஸ்டாக்கமின் பெயரிலேயே அது இன்று பெரிதும் வழங்குகிறது. ஷ்ரோடிங்கரின் புகழ்பெற்ற கட்டுரைகள் வெளிவருவதற்குச் சற்று முன்பே, புதிய குவாண்டம் இயக்கவியலைத் தொகைச் சமன்பாடுகளின் வடிவில் எழுதிக் காட்டினார். சமகாலத்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உரிய நேரத்துக்கு முன்னதாக வந்து சேர்வது அவருக்கு வாடிக்கையாகவே அமைந்தது.

1928-ல் பெர்லினில் ஐன்ஸ்டைனின் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு பணியாற்றினார். 1929-ல் மரியா ரூப் என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்தார். மணமான சில காலத்திலேயே மரியாவைக் காசநோய் பற்றியது. 1931-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் அழைத்தபோது, கடல் கடக்கும் வலிமை மரியாவுக்கு இல்லை. மனைவியும், 1933-ல் பிறந்த மகன் எல்மாரும் ஐரோப்பாவில், லான்சோஸ் அமெரிக்காவில். 1939-ல் மரியா இறந்தார். போர் மூளவிருந்த அந்த ஆண்டில் மகனை மட்டும் தம்முடன் அழைத்துக்கொண்டு வந்தார். ஹங்கேரியில் இருந்த உறவினர்களில் பெரும்பாலோர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர்.

பர்டூவில் அவருடைய ஆராய்ச்சி திசை மாறியது. தத்துவார்த்த இயற்பியலிலிருந்து, எண்களைக் கொண்டு விடை காணும் கணிதத்துக்கு வந்தார். மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பெருக்கியும் கூட்டியும் வந்த காலம் அது. உழைப்பைக் குறைக்கும் வழி எதுவாயினும் அதற்கு மதிப்பு இருந்தது. 1942-ல் டேனியல்சன் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, சிக்கலான ஓர் அலையை அதன் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்கை எளிதாக்கியது. தரவுகளை இரு பாதியாகப் பிரித்து, தனித்தனியே கணக்கிட்டு, விடைகளை இணைப்பதே உத்தி. 8 கெழுக்களைக் காணப் பத்து நிமிடமும், 64 கெழுக்களைக் காண 140 நிமிடமும் ஆகும் என்று அவர்கள் குறித்தனர். நேர்வழியில் போனால் எட்டு மடங்கு தரவுக்கு அறுபத்து நான்கு மடங்கு நேரம், அதாவது 640 நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த உத்தியும் மறக்கப்பட்டது. 1965-ல் கூலியும் டூக்கியும் விரைவு ஃபூரியே மாற்றம் என்ற பெயர்பெற்ற முறையை மின்னணுக் கணினிக்காக வகுத்தபோதுதான், அதன் சாரம் முன்பே அச்சேறியிருந்தது என்பதை உலகம் கவனித்தது. தொலைபேசி, மருத்துவப் படக்கருவிகள், நிலநடுக்கப் பதிவு என அந்த முறை இன்று நுழையாத துறை இல்லை.

1946-ல் லான்சோஸ் பல்கலைக்கழகத்தை விட்டு, சியாட்டிலில் இருந்த போயிங் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். சியாட்டிலுக்குத் தெற்கே உள்ள டகோமாவில், திறக்கப்பட்டு நான்கே மாதமான தொங்குபாலம் 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கேறி ஆடி ஆற்றாமல் அறுந்து விழுந்திருந்தது. சூறாவளி எதுவும் வீசவில்லை. மணிக்கு ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகக் காற்றுதான். பாலத்தின் அசைவு காற்றோட்டத்தை மாற்ற, மாறிய காற்றோட்டம் அசைவை மேலும் பெருக்கியது. விமானத்தின் இறக்கைக்கும் இதே அபாயம் உண்டு. ஆகவே, ஒரு கட்டமைப்பு எந்தெந்த அதிர்வெண்களில், எந்தெந்த வடிவங்களில் அசையக்கூடியது என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணிப்பது உயிர்காக்கும் கணக்காயிற்று.

அந்தக் கணக்கின் கடினத்தை உணர, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டமைப்பு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத்தில், என் ஊரான திருவட்டாற்றுக்கு அருகே, பறளியாற்றுப் பள்ளத்தைக் கடந்து நிற்கிறது மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சிக் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-ல் நிறைவுற்றது. இரு குன்றுகளுக்கு இடையே 28 தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் கான்கிரீட் தொட்டி அமைத்து, கால்வாய் நீரைக் கொண்டுசெல்கிறார்கள். ஆற்றுக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில் ஓடும் அந்தத் தண்ணீர், கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் நிலங்களுக்குப் பாய்கிறது.

ஊஞ்சலுக்கென்று ஒரு கதி உண்டு. அந்தக் கதிக்கு ஒத்துத் தள்ளினால் சிறு பிள்ளையின் கைவிசையிலும் அது உயரப் போகும். கதி தப்பித் தள்ளினால் பெரியவரின் பலமும் வீணாகும். அந்தக் கதியே அதன் இயல்பு அதிர்வெண். ஊஞ்சலுக்கு ஒன்று என்றால், தொட்டிப்பாலம் போன்ற பெரிய கட்டமைப்புக்குப் பற்பல. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம்: முழுப் பாலமும் ஒருபுறம் சாய்ந்து மீளும் வடிவம், நடுப்பகுதி ஒருபுறமும் ஓரங்கள் மறுபுறமுமாக நெளியும் வடிவம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். விறைப்பு கூடினால் அதிர்வெண் உயரும். நிறை கூடினால் தாழும். தொட்டியில் தண்ணீர் நிறைந்தோடும் நாளிலும் வறண்டு கிடக்கும் நாளிலும் ஒரே பாலத்துக்கு ஒரே அதிர்வெண் இராது.

இதைக் கணக்காக மாற்ற, கட்டமைப்பைச் சிறு சிறு கூறுகளாக மனத்தளவில் பிரிக்கிறார்கள். பத்தாயிரம் இணைப்புப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் மூன்று திசையில் நகரலாம், மூன்று விதமாகத் திரும்பலாம். ஆக, அறுபதாயிரம் அசைவுகள். எந்த அசைவு எந்த அசைவை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் விறைப்பு அட்டவணையில் 60,000 வரிசைகள், 60,000 நிரல்கள். மொத்தம் 360 கோடிக் கட்டங்கள். ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே நேரடித் தொடர்புடையது என்பதால், அவற்றுள் பெரும்பாலானவை வெறும் பூச்சியங்கள். இந்த அட்டவணைக்கு அறுபதாயிரம் இயல்பு அதிர்வெண்கள் உண்டு. காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அஞ்சும் பொறியாளருக்கு வேண்டியவையோ மிகக் குறைந்த சில பத்துகள் மட்டுமே. மலையைப் புரட்டாமல் அந்தச் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது எப்படி?

லான்சோஸுக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. அதிரும் வடிவத்தை ஓரளவு சரியாக ஊகித்துவிட்டால், ஆற்றல் கணக்கைக் கொண்டு அதிர்வெண்ணை நெருங்கலாம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். கப்பல் கட்டுமானத்தில் தேர்ந்த ரஷ்யர் கிரிலோவ் 1931-ல் வேறொரு வழி கண்டார். எளிய வழி ஒன்றும் புழக்கத்தில் இருந்தது. ஏதேனும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்வது. அந்த வடிவில் அதிரும்போது ஒவ்வொரு பகுதியின் நிறையும் உண்டாக்கும் விசையைக் கட்டமைப்பின் மேல் ஏற்றுவது. அதனால் விளையும் வளைவைப் புதிய வடிவமாகக் கொண்டு மறுபடி அதையே செய்வது. சுற்றுகள் கூடக்கூட, வடிவம் மிகக் குறைந்த அதிர்வெண்ணுக்குரிய வடிவத்தை நெருங்கும். ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய வடிவம் கைவிடப்படுகிறது. ஒரேயொரு விடைக்காக எத்தனையோ சுற்றுகளின் உழைப்பு கழிந்துபோகிறது.

கைவிடப்பட்ட அந்த வடிவங்களில் செய்தி இருக்கிறது என்பதே லான்சோஸ் கண்டது. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் வடிவத்திலிருந்து, முந்தைய வடிவங்களில் ஏற்கெனவே அடங்கிய பகுதியைக் கழித்துவிட்டுப் புதியதாக எஞ்சுவதைச் சேர்த்துவைக்க வேண்டும். இதில் ஒரு வியப்பு ஒளிந்திருந்தது. எல்லா வடிவங்களையும் கழிக்கத் தேவையில்லை. கடைசி இரண்டைக் கழித்தால் மற்றவை தாமே விலகி நிற்கும். இப்படிச் சில பத்துச் சுற்றுகள் போனால், அறுபதாயிரம் வரிசைகளுக்குப் பதிலாகச் சில பத்து வரிசைகள் கொண்ட சிறு அட்டவணை கிடைக்கிறது. அதிலும் நடு மூலைவிட்டத்திலும் அதன் இருமருங்கிலும் மட்டுமே எண்கள். அந்தச் சிறு அட்டவணையின் விடைகளில், பெரிய அட்டவணையின் குறைந்த அதிர்வெண்கள் பல ஒருசேர வந்து நிற்கின்றன. பூச்சியங்கள் நிறைந்த பெரிய அட்டவணையை உருமாற்றிக் குலைக்க வேண்டிய தேவையும் இல்லை.

1949-ல் போயிங்கை விட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கத் தேசிய அளவீட்டு அமைப்பு நடத்திய எண்கணிதப் பகுப்பாய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இந்த முறையை விளக்கும் கட்டுரை 1950-ல் அந்த அமைப்பின் ஆய்விதழில் வெளிவந்தது. இயக்கவியலின் மாறுபாட்டுக் கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதி, இன்றும் படிக்கப்படும் நூல் அதற்கு முந்தைய ஆண்டில் வந்திருந்தது.

கட்டுரைக்கு வரவேற்பு இருந்தது, ஆயினும் நீடிக்கவில்லை. கணினி எந்த எண்ணையும் குறிப்பிட்ட இலக்கங்களோடு நறுக்கிவிடும். அந்தச் சிறு நறுக்கல்கள் சுற்றுக்குச் சுற்றுச் சேர்ந்து, ஒன்றையொன்று விலகி நிற்க வேண்டிய வடிவங்களைக் கலந்துவிட்டன. ஏற்கெனவே கிடைத்த அதிர்வெண்ணே புதிது போல மீண்டும் மீண்டும் விடையாக வந்தது. கிவன்ஸ், ஹவுஸ்ஹோல்டர் ஆகியோரின் முறைகள் 1950-களில் வந்தபோது, நடுத்தர அளவுள்ள அட்டவணைகளுக்கு அவையே நம்பகமானவை என்று கணிதவியலாளர்கள் அவற்றின் பக்கம் சென்றனர். லான்சோஸின் முறை பாடநூல்களில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பாகச் சுருங்கியது.

அவருக்கும் அமெரிக்காவில் அமைதி இல்லை. கம்யூனிஸ்ட் ஆதரவாளர்களைத் தேடித் துருவிய மெக்கார்த்தியின் காலம் அது. ஐயத்துக்கு உள்ளானவர்களில் லான்சோஸும் ஒருவர். அப்போது அயர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. டி வலேரா 1940-ல் டப்ளினில் உருவாக்கிய உயர் ஆய்வு நிறுவனத்தில் அவர் 1954-ல் நிலையாக அமர்ந்தார். முன்னொரு காலத்தில் அவர் ஒரு படி முந்தியிருந்தும் புகழ் முழுவதையும் பெற்ற ஷ்ரோடிங்கர் அங்கே மூத்த பேராசிரியர். இருவரும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றினர். டப்ளினில் லான்சோஸ் மறுமணம் செய்துகொண்டார், நூல்கள் எழுதினார், ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குத் திரும்பினார். 1974 ஜூன் 25 அன்று, தாய்நாட்டுக்குச் சென்றிருந்தபோது, புடாபெஸ்டில் மாரடைப்பால் காலமானார்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1971-ல், லண்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பேஜ் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் அந்தப் பழைய குறையை மறுபடி ஆராய்ந்திருந்தார். வடிவங்கள் கலக்கத் தொடங்குவது ஏதேனும் ஒரு விடை முதிர்ந்துவிட்டதன் அடையாளம் என்று அவர் நிறுவினார். எங்கே, எப்போது திருத்த வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. கட்டமைப்புகளைக் கூறு கூறாகப் பிரித்துக் கணக்கிடும் முறை வளர்ந்து, அட்டவணைகள் பல்லாயிரம் வரிசைகளாகப் பெருகிய காலமும் அதுவே. கிவன்ஸின், ஹவுஸ்ஹோல்டரின் முறைகள் அங்கே மூச்சுத் திணறின. லான்சோஸின் முறை மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. அதைப் பெரிய கட்டமைப்புகளுக்கேற்பச் செப்பனிட்டவர்களுள், அவர் விட்டுப்போன போயிங் நிறுவனத்தின் கணிதவியலாளர்களும் இருந்தனர். 2000-ல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த பத்துக் கணிப்பு முறைகளைப் பட்டியலிட்டபோது, லான்சோஸின் முறை சார்ந்த குடும்பமும் அதில் இடம்பெற்றது. விரைவு ஃபூரியே மாற்றமும் இடம்பெற்றது.

1950-லிருந்து 1971 வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள். 100 ரூபாயை 21 ரூபாயாக்கும் கணக்கின்படி பார்த்தால், லான்சோஸுக்கு 1950-களில் கொடுத்த சம்பளம் நட்டக் கணக்கு. 1942 கட்டுரைக்கும் அதே தீர்ப்புத்தான். மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுக்கு இத்தனை கட்டுரை, உடனடிப் பயன் என்று நம் பல்கலைக்கழகங்கள் இன்று ஆய்வாளர்களை அளக்கின்றன. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால், கணக்கு முடிக்கும் நாளை யார் குறிப்பது? ஆய்வின் ஒரு பங்கையாவது ஆண்டுக் கணக்குக்கு வெளியே வைத்துக் காப்பாற்றாத நாடு, பிறர் கண்டுபிடித்ததை விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும்.

பலன் கண்ணுக்குத் தெரியாததால் நாம் கைவிடும் இன்னொரு செலவு பராமரிப்பு. லான்சோஸின் இரு கண்டுபிடிப்புகளும் சந்திக்கும் இடமும் அதுதான். ஒரு பாலத்தின் மேல் உணரிகளைப் பொருத்தி, காற்றிலும் போக்குவரத்திலும் அது அதிர்வதைப் பதிவு செய்கிறார்கள். ஃபூரியே கணக்கு அந்தப் பதிவிலிருந்து உண்மையான இயல்பு அதிர்வெண்களைப் பிரித்துத் தருகிறது. கணினியில் உள்ள மாதிரியிலிருந்து லான்சோஸின் முறை எதிர்பார்க்கும் அதிர்வெண்களைத் தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் கட்டமைப்பின் உடல்நிலை ஓரளவு தெரியும். நிறை மாறாமல் விறைப்பு மட்டும் 19 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் 10 விழுக்காடு தாழும். வெப்பநிலையாலும் தண்ணீரின் எடையாலும் அதிர்வெண் மாறும். சிறு விரிசல் ஒன்று அதைச் சற்றும் அசைக்காமலும் போகலாம். ஆகையால், ஒருமுறை அளந்தால் போதாது. ஆண்டுதோறும், பருவந்தோறும் அளந்த வரிசை வேண்டும். நலமாக இருந்தபோது எடுத்த அளவு இல்லையென்றால், பின்னர் எடுக்கும் அளவை எதனோடு ஒப்பிடுவது?

தமிழ்நாட்டில் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஐ.ஐ.டி. இருக்கிறது, மாவட்டந்தோறும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பழைய பாலங்கள், நீர்ப்பாலங்கள், மேல்நிலைத் தொட்டிகள் ஆகியவற்றின் இயல்பு அதிர்வெண்களை அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு இருமுறை, தண்ணீர் உள்ளபோதும் இல்லாதபோதும், அளந்து பொதுப்பணித் துறையிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை அரசு செய்யலாம். கருவிகளுக்கு ஆகும் செலவு, ஒரு பாலத்தை இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று. அறுபது வயதை எட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்தே தொடங்கலாம். முதலாண்டு எண்களால் யாருக்கும் எந்தப் பயனும் தெரியாது. அவற்றைத் தேடி எடுத்து ஒப்பிடப்போகும் பொறியாளர், இன்று குமரி மாவட்டத்தில் ஏதோ ஒரு பள்ளியில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருக்கக்கூடும்.